இரண்டு துணிகள் ஒன்றாவது எப்படி?

பெரிய காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் நெய்த பட்டுப்புடவை ஒன்றைக் கையில் எடுத்து, உடலும் கரையும் சேரும் இடத்தைப் பாருங்கள். உடல் மாம்பழ மஞ்சள், கரை அரக்குச் சிவப்பு. மஞ்சளுக்குள் சிவப்பின் சாயல் துளியும் இல்லை. சிவப்புக்குள் மஞ்சளும் இல்லை. சாதாரண நெசவில் இது நடக்காது. குறுக்கே ஓடும் நூல் புடவையின் முழு அகலத்துக்கும் ஓடுவதால், மஞ்சள் நூல் சிவப்புக் கரைக்குள்ளும் புகுந்து அதை ஆரஞ்சாக்கிவிடும். அப்படியானால் இந்தத் தூய சிவப்பு எப்படி வந்தது? கரையைத் தனியாக நெய்து பிறகு சேர்த்துத் தைத்தார்களா? திருப்பிப் பார்த்தாலும் தையல் தடம் இல்லை.

விடையின் பெயர் கோர்வை. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் நூல் பாவு. நாடா என்ற எறிகருவியிலிருந்து குறுக்கே ஓடும் நூல் ஊடை. கோர்வைப் புடவைக்கு ஒரே ஊடை போதாது, மூன்று வேண்டும்: இடது கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலது கரைக்கு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி நாடா. உடலின் மஞ்சள் ஊடை கரை தொடங்கும் இடம்வரை போகும். அங்கே கரையின் சிவப்பு ஊடையோடு ஒருமுறை பின்னிக்கொண்டு வந்த வழியே திரும்பும். சிவப்பும் அப்படியே தன் பக்கம் திரும்பிவிடும். இரண்டு நூலும் எல்லையில் கைகோக்கின்றன, எல்லையைத் தாண்டுவதில்லை. மூன்று நாடாவையும் ஒரே ஆள் எறிவது கடினம் என்பதால், ஒரு பக்கக் கரையைப் பார்த்துக்கொள்ள நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்காருவார். இருவர் கையின் இழுப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் சற்று இறுக்கினால் கரை சுருங்கும், தளர்த்தினால் நெளியும். கோர்வைத் தறிகள் குறைந்துவருவதற்கு இந்த இரண்டாவது ஆளின் தேவையும் ஒரு காரணம்.

எண்ணிப் பார்த்தால் வியப்பு கூடும். ஐந்தரை மீட்டர் புடவை ஏறத்தாழ 216 அங்குலம். அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் கிட்டத்தட்ட 13,000 ஊடை. உடலின் நாடா ஏதாவது ஒரு கரையைப் போய்ச் சேரும் ஒவ்வொரு முறையும் ஒரு பின்னல் விழும். ஆக, ஒரு புடவைக்குள் 13,000 பின்னல்கள். இதே இரண்டு கரைகளையும் தையல் மெஷினில் வைத்து, அங்குலத்துக்குப் பத்துத் தையல் வீதம் ஓட்டினால் 4,300 தையல்தான் விழும். தறியின் இணைப்பு மெஷின் இணைப்பைவிட மூன்று மடங்கு நெருக்கம். அதோடு, தையலில் தனி நூல் ஒன்று வெளியிலிருந்து வந்து இரண்டு துணியைப் பிடிக்கிறது. அந்த நூல் இற்றுப்போனால் துணிகள் பிரியும். கோர்வையில் வெளிநூல் கிடையாது. துணியின் நூலே இணைப்பின் நூல். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று காஞ்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்வதன் அடிப்படை இதுதான்.

பல புடவைகளில் அந்த எல்லை நேர்கோடாக இருக்காது. முக்கோணப் பற்களாக, கோபுர வரிசையாக உடலுக்குள் ஏறி இறங்கும். அழகுக்காக வைத்தது என்று நினைப்போம். அழகோடு வலுவும் சேர்கிறது. நேர்கோட்டில் இணைத்தால் இழுவிசை முழுவதும் ஒரே இரண்டு பாவு நூல்களுக்கு நடுவே விழும். பல் பல்லாக இணைத்தால் எல்லைக்கோட்டின் நீளமே கூடிவிடுகிறது. பற்கள் சமபக்க முக்கோணங்களாக இருந்தால் சரியாக இரண்டு மடங்கு. அதே இழுவையைப் பல நூல்கள் பகிர்ந்துகொள்கின்றன.

கரைக்கு நாடாவை மாற்றினால் போதும். முந்தானை முழுக்க வேறு நிறத்தில் வேண்டுமென்றால் பாவையே மாற்ற வேண்டும். தறியில் விறைப்பாக நிற்கும் ஆயிரக்கணக்கான பாவு நூல்களை நடுவழியில் மாற்றுவது எப்படி? அதற்குக் காஞ்சிபுரம் கண்ட வழி பேட்னி. உடலின் பாவு நூல்கள் தறியில் இருக்கும்போதே, முந்திக்கான புதுநிறப் பாவு நூல்களை அவற்றோடு ஒவ்வொன்றாகக் கையால் கோத்து இணைப்பார்கள். பழைய நூலும் புதிய நூலும் சேர்ந்து நிற்கும் அந்தக் குறுகிய பட்டையை ஊடை ஓட்டி இறுக்கிய பிறகு, பழைய நிறத்தின் மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். முந்தி தொடங்கும் இடத்தில் மெல்லிய நெளிவுக் கோடு ஒன்று தெரியும். ஒரு நிறப் பாவு முடிந்து இன்னொன்று தொடங்கிய இடம் அது. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பட்டில் பொன்னும் வெள்ளியும் விலையேற்றுகின்றன என்பது உண்மை. என் கணக்கில் அதன் உண்மையான செல்வம் இந்த இரண்டு இணைப்புகள்தான்.

இது தறி சொன்ன விடை. ஊசி சொன்ன விடையும் காஞ்சிக்குப் புதிதல்ல. கி.பி. 640 வாக்கில் இந்த ஊருக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இங்கே நூறளவு பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதிவைத்தார். துறவியின் ஆடை வெட்டிய துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்ததாக இருக்க வேண்டும் என்பது பௌத்த விநய விதி. அதன் வடிவம் எங்கிருந்து வந்தது என்ற கதை விநய நூலிலேயே இருக்கிறது. மகத நாட்டு வயல்களைக் கண்ட புத்தர், பாத்தியும் வரப்பும் குறுக்கு வரப்பும் அமைந்திருப்பதைக் காட்டி, இதுபோல ஆடை தைக்க முடியுமா என்று ஆனந்தரிடம் கேட்டார். ஆனந்தர் தைத்துக் காட்டினார். அகலமான துண்டுகள் பாத்திகள், குறுகிய பட்டைகள் வரப்புகள். துண்டாக்கிய துணியை யாரும் திருட மாட்டார்கள் என்பது இதிலுள்ள நடைமுறை அறிவு. இலங்கையில் பிக்குகள் இன்றும் அதே பாத்தி முறையில் தைத்த ஆடையைத்தான் உடுத்துகிறார்கள். பட்டுக்குப் பேர்போன இந்த ஊரின் தெருக்களில் ஒருகாலத்தில் ஒட்டுத்துணி உடுத்தியவர்கள் ஆயிரக்கணக்கில் நடந்திருக்கிறார்கள்.

துண்டுகளைச் சேர்த்து ஒரே துணியாக்கும் அந்த வேலை ஒட்டுத்தையல். அப்படிச் சேர்த்த துணியை மேலே வைத்து, நடுவில் பஞ்சு பரப்பி, கீழே இன்னொரு துணி கொடுத்து, மூன்றையும் ஊடுருவித் தைத்தால் அது குயில்ட். வட இந்திய ரஜாய் அந்தக் குடும்பம். பழைய புடவைகளை அடுக்கி ஓட்டத்தையல் போடும் வங்கத்துக் காந்தாவும் அந்தக் குடும்பம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி இன்னொரு கிளை. அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி மையத்தை நோக்கித் தைத்து வருகிறார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடுவிலிருந்து வெளியே போவார்கள். 2019இல் சென்னையிலேயே இந்திய அளவிலான குயில்ட் விழா ஒன்று நடந்தது.

சித்திரை வெயிலில் காயும் காஞ்சிபுரத்தில் ரஜாய் எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம். அதனால்தான் நம் ஊரில் இந்தக் கலையைக் கற்றுக்கொடுப்பவர் போர்வையில் தொடங்கத் தேவையில்லை. சின்னச் சின்னப் பொருள்கள் போதும்: நவராத்திரிக்குக் கொலுப்படியில் பொம்மைக்கு அடியில் போட ஒரு விரிப்பு, மார்கழிக் காலையில் டபராவுக்கு அடியில் வைக்க ஒரு சதுரம், பொங்கல் பானை இறக்க ஒரு கரித்துணி. கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. பன்னிரண்டு அங்குலச் சதுர விரிப்பு ஒன்றையும் தொண்ணூறு அங்குலக் கட்டில் விரிப்பு ஒன்றையும் ஒப்பிட்டால், பக்கம் ஏழரை மடங்குதான். பரப்பு 56 மடங்கு. விரிப்பை ஒரே நாளில் முடிப்பவருக்குக் கட்டில் விரிப்பு ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிக்கும். முடித்த பொருளைக் கையில் பார்க்கும் மகிழ்ச்சி கற்றுக்கொள்பவருக்குச் சீக்கிரம் கிடைக்க வேண்டும்.

கரித்துணியிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் குயில்டின் முழு ரகசியமும் அதற்குள் இருக்கிறது. அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தை இறக்கும்போது உங்கள் விரலைக் காப்பாற்றுவது துணி என்று நினைக்கிறோம். பெரும்பகுதி வேலையைச் செய்வது துணிக்குள் சிறைப்பட்ட காற்று. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. தண்ணீர் அதைவிட 24 மடங்கு வேகமாகக் கடத்தும். ஈரக் கரித்துணியால் பாத்திரத்தைத் தொட்டுச் சூடுபட்ட அனுபவம் எந்தச் சமையலறைக்குத்தான் இல்லை? அங்கே நடந்தது இதுதான்: காற்று இருந்த இடங்களில் தண்ணீர் புகுந்து, காவலாளி இருந்த வாசல் வழியாக வெப்பத்தை உள்ளே விட்டுவிட்டது.

காற்று அசையாமல் இருப்பது முக்கியம். திறந்த வெளியில் சூடான காற்று மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், அந்தச் சுழற்சியே வெப்பத்தைச் சுமந்து செல்லும். பஞ்சின் இழைகள் காற்றை நுண்ணிய அறைகளாகப் பிரித்து இந்தச் சுழற்சியை நிறுத்திவிடுகின்றன. போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சு இதில் ஒரு படி மேல். அதன் ஒவ்வோர் இழையும் உள்ளே வெற்றான மெல்லிய குழாய். இழையின் கனஅளவில் சுமார் 80 சதவீதம் காற்றுதான். இழைகளுக்கு இடையேயும் காற்று, இழைக்கு உள்ளேயும் காற்று. மேலே மெழுகுப்பூச்சு இருப்பதால் தண்ணீரும் எளிதில் ஒட்டாது. அந்த வழவழப்பே அதன் குறையும் ஆகிறது. இழை குட்டையாகவும் வழுக்கலாகவும் இருப்பதால் நூலாக முறுக்க வராது, பைக்குள் அடைத்தால் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

இங்கேதான் தையலின் இரண்டாவது வேலை தொடங்குகிறது. மூன்று அடுக்கையும் ஊடுருவிப் போகும் தையல் வரிகள் பஞ்சைச் சிறு சிறு அறைகளில் பூட்டுகின்றன. வரிகள் நெருக்கமாக இருந்தால் பஞ்சு நகராது. ஆனால் ஒவ்வொரு வரியும் அடுக்குகளை அழுத்தி அந்த இடத்தில் காற்றை வெளியேற்றிவிடும், வெப்பம் அங்கே எளிதாகப் புகும். மிக நெருக்கமாகத் தைத்த குயில்ட் உழைக்கும், சூடு தாங்குவதில் சற்றுக் குறையும். மிக அகலமாகத் தைத்தது மெத்தென்று இருக்கும், இரண்டு சலவையில் கட்டி கட்டியாகிவிடும். நல்ல தையற்காரர் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளியைத் தேடுகிறார். கரித்துணிக்குப் பருத்திப் பஞ்சுதான் சரி. பாலியஸ்டர் பஞ்சு அடுப்பின் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். இதில் சமரசம் வேண்டாம்.

இனி வெட்டுவதற்கு வருவோம். உங்களுக்கு முடிந்த அளவில் மூன்று அங்குலச் சதுரம் வேண்டுமென்றால், மூன்றரை அங்குலமாக வெட்ட வேண்டும். தையலுக்கென்று ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் விட வேண்டும், அதுவே உலகெங்கும் ஒட்டுத்தையலின் வழக்கம். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். அதில் கொஞ்சம் பிசகினால் என்ன? எட்டுச் சதுரங்களை ஒரு வரிசையாகச் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஏழு தையல். ஒவ்வொன்றிலும் அரைக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவு உள்ளே போய்விட்டால், இரண்டு துணியிலும் அந்த அளவு போகும். ஏழு தையலுக்கும் சேர்த்து முக்கால் அங்குலத்துக்கும் மேல் வரிசை குட்டையாகிவிடும். பக்கத்து வரிசையில் பிசகில்லை என்றால் இரண்டும் சேரவே சேராது. பருத்தியின் கனமே ஒரு நூலளவைத் தின்றுவிடுகிறது. துணி மடியும் இடத்தில் வளைவுக்கு இடம் வேண்டும் அல்லவா? ஆகவே, கைதேர்ந்தவர்கள் கால் அங்குலத்துக்கு ஒரே ஒரு நூல் குறைத்துத் தைப்பார்கள்.

சதுரத்தில் சிக்கல் இல்லை. முக்கோணத்தில் கணிதம் தன் முகத்தைக் காட்டுகிறது. ஒரு சதுரத்தைக் குறுக்காக வெட்டினால் இரண்டு முக்கோணம். வெளிர்நிற முக்கோணம் ஒன்றையும் அடர்நிற முக்கோணம் ஒன்றையும் சேர்த்தால் இருநிறச் சதுரம் வரும். உலகின் குயில்ட் வடிவங்களில் பெரும்பங்கு இந்த ஒன்றிலிருந்து பிறந்தவை. மூன்று அங்குல இருநிறச் சதுரத்துக்கு எத்தனை அங்குலச் சதுரம் வெட்ட வேண்டும்? மூன்றரை என்று சொல்லத் தோன்றும். தையல் புத்தகங்கள் மூன்றேமுக்காலே அரைக்கால் என்கின்றன, அதாவது எட்டில் ஏழு பங்கு கூடுதல். பலர் இதை மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள். காரணம் முக்கோணத்தின் கூர் மூலைகள். மூன்று பக்கமும் கால் அங்குலம் விட்டால், கூர் மூலை இன்னும் வெளியே தள்ளிப் போகிறது. எவ்வளவு? இரண்டோடு இரண்டின் வர்க்கமூலத்தைக் கூட்டி, கால் அங்குலத்தால் பெருக்க வேண்டும். விடை 0.854 அங்குலம். அளவுகோலில் அதற்கு மிக அருகில் இருக்கும் கோடு எட்டில் ஏழு. வித்தியாசம் அரை மில்லிமீட்டர். வர்க்கமூலம் என்ற சொல்லையே கேள்விப்படாத பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்த எண்ணை அரை மில்லிமீட்டர் துல்லியத்தில் வெட்டிவந்திருக்கிறார்கள்.

அந்தக் குறுக்கு வெட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் ஊர் டெய்லர்கள் இதை நன்றாக அறிவார்கள். ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது கிராஸ் கட்டா, நேர் கட்டா என்று அவர்கள் கேட்பது இதைப் பற்றித்தான். நெய்த துணியைப் பாவு வழியில் இழுத்தால் அநேகமாக நீளாது. ஊடை வழியில் கொஞ்சம் கொடுக்கும். மூலைவாட்டில் இழுத்தால் தாராளமாக நீளும். நான்கு குச்சிகளை மூலைக்கு ஓர் ஆணி அடித்துச் சட்டமாக்கி எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால், குச்சி எதுவும் நீளாமலே சட்டம் சாய்ந்து ஒடுங்கும். துணியின் ஒவ்வொரு நுண்சதுரத்திலும் இதுவே நடக்கிறது. நூல் நீளவில்லை, நூல்களுக்கு இடையிலான கோணம்தான் மாறுகிறது. இந்தக் குணத்தால்தான் கிராஸ் கட் ரவிக்கை உடலோடு ஒட்டி நிற்கிறது. அதே குணத்தால்தான் முக்கோணத்தின் நீண்ட பக்கம் கை பட்டாலே நெளிந்துவிடுகிறது.

தையற்காரர்கள் கண்டுபிடித்த மாற்றுவழியை நான் மிகவும் ரசிக்கிறேன். முக்கோணமாக வெட்டவே வேண்டாம். வெளிர்சதுரம் ஒன்றையும் அடர்சதுரம் ஒன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு போடுங்கள். கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளி இரண்டு தையல் ஓட்டுங்கள். அதன் பிறகு கோட்டில் வெட்டுங்கள். விரித்தால் கையில் இரண்டு இருநிறச் சதுரங்கள். நெளியக்கூடிய ஓரம் பிறக்கும் முன்பே அதைத் தையல் கட்டிப்போட்டுவிட்டது. வெட்டித் தைப்பது என்ற வரிசையைத் தைத்து வெட்டுவது என்று மாற்றியதில், பிரச்சினை ஒன்று இல்லாமலே போய்விட்டது.

இந்த வேலையைச் செய்யும் மெஷினுக்குள் நடப்பதையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். கையூசி துணியை முழுவதுமாகக் கடந்து மறுபக்கம் போகும். மெஷின் ஊசி போகாது, பாதிவரை இறங்கி ஏறிவிடும். அப்படியானால் முடிச்சு எப்படி விழுகிறது? மெஷின் ஊசியின் காது நுனியில் இருக்கிறது. ஊசி அடிவரை இறங்கி, இரண்டு மில்லிமீட்டர் அளவு மேலே எழும்பும்போது, துணியின் உராய்வு நூலை மேலே போகவிடாமல் பிடிக்கிறது. மிஞ்சிய நூல் ஊசியின் பக்கத்தில் சின்ன வளையமாகப் புடைக்கிறது. அந்தக் கணத்தில் ஒரு கொக்கியின் கூர்முனை ஊசியை உரசாமல் வளையத்துக்குள் புகுந்து, அதைப் பெரிதாக்கி, கீழ் நூல் சுற்றிய பாபின் முழுவதையும் சுற்றி இழுத்துவருகிறது. மேல் நூல் கீழ் நூலைச் சுற்றிவந்துவிட்டது. நூல் இழுபட, இரண்டும் துணியின் கனத்துக்கு நடுவில் பூட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவே 1846இல் நுனிக்காது ஊசியோடு இந்தப் பூட்டுத்தையலுக்குக் காப்புரிமை பெற்றார். வீட்டு மோட்டார் மெஷின் நிமிடத்துக்கு 800 தையல் போடும் என்று வைத்தால், மேற்சொன்ன நாடகம் ஒரு விநாடியில் 13 முறை அரங்கேறுகிறது. கோர்வையில் இரண்டு ஊடைகள் எல்லையில் செய்வதையே இங்கே இரண்டு நூல்கள் துணியின் வயிற்றுக்குள் செய்கின்றன.

தைத்த இருநிறச் சதுரங்கள் 16 இருக்கின்றன. நான்குக்கு நான்காக அடுக்க வேண்டும். ஒவ்வொரு சதுரத்தையும் நான்கு விதமாகத் திருப்பி வைக்கலாம். மொத்தம் எத்தனை வடிவம் கிடைக்கும்? நான்கை 16 முறை பெருக்க வேண்டும்: 429 கோடியே சொச்சம். விநாடிக்கு ஒரு வடிவம் வீதம் ராப்பகலாக அடுக்கிக்கொண்டிருந்தால் 136 ஆண்டு ஆகும். 1704இல் செபாஸ்டியன் த்ருஷே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஒரு மாளிகைக்குத் தரை போட வைத்திருந்த, குறுக்காக இருநிறம் பூசிய ஓடுகளைப் பார்த்து இதே கேள்வியை ஆராய்ந்தார். நம் பக்கத்தில் வாசல் கோலமும் இந்த வகைக் கேள்விதான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, அவர்களோடு கமலா கிருதிவாசன் ஆகியோர் 1970களில் கோலத்துக்கு இலக்கண விதிகள் வகுத்து, கணினியியலில் ஓர் ஆய்வுத் துறைக்கு அதைத் தூண்டுதலாக்கினார்கள். கோலம் போடத் தெரிந்த பெண்ணுக்கு இந்த 429 கோடியில் எது அழகு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பிப் பார்த்தால் மாறாமல் நிற்கும் வடிவத்தை அவள் கண் தானே பொறுக்கிவிடும்.

வடிவம் தெரிவது நிறத்தால் என்பதைவிட, வெளிர், அடர் வேறுபாட்டால்தான். பச்சையும் சிவப்பும் அருகருகே இருந்தாலும், இரண்டும் ஒரே அளவு அடர்ந்திருந்தால் முக்கோணம் தூரத்தில் கரைந்துவிடும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இது உடனே தெரியும். கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்ப்பது இன்னும் எளிது.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு பட்டுத்துண்டில் தைக்காமல் பருத்தியிலா தைப்பது என்று தோன்றலாம். பட்டைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பட்டுக்கூடு ஒன்றிலிருந்து பல நூறு மீட்டர் நீளத்துக்கு அறுபடாத ஒரே இழை வருகிறது. வழவழப்பான அந்த இழைகளால் ஆன துணி மெஷினுக்கு அடியில் வழுக்கும், வெட்டிய ஓரம் மளமளவென்று பிரியும். பருத்தி இழை மூன்று சென்டிமீட்டர் அளவே இருக்கும். காயும்போது தட்டையாகி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் அது நூலாகிறது, துணியும் துணியும் நழுவாமல் நிற்கின்றன. பழகிய பின் பட்டுக்குப் போகலாம். துண்டின் பின்பக்கம் மெல்லிய ஒட்டு கேன்வாஸை இஸ்திரிப்பெட்டியால் ஒட்டிவிட்டால் பட்டும் பருத்திபோல அடங்கும். ஜரிகை உள்ள இடத்தில் ஊசியை அடிக்கடி மாற்றுங்கள். பட்டு நூலைச் சுற்றியிருப்பது உலோகக் கம்பி, அது ஊசியின் முனையை மழுக்கிவிடும்.

பருத்தியை வெட்டும் முன் ஒருமுறை நனைத்துக் காயவைக்க வேண்டும். நெசவில் பாவு நூல் விறைப்பாக இழுபட்டே நிற்கிறது, அந்த இழுப்பு துணிக்குள் தங்கிவிடுகிறது. முதல் தண்ணீர் பட்டதும் இழைகள் தளர்ந்து தம் சொந்த நீளத்துக்குத் திரும்புகின்றன. துணி சுருங்கியது என்கிறோம், உண்மையில் அது ஓய்வெடுக்கிறது. சாயம் போகும் துணியும் இந்த முதல் நனைப்பிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கணக்கு இதோ. வெளிர்நிறப் பருத்தி கால் மீட்டர், அடர்நிறப் பருத்தி கால் மீட்டர், அடியில் கொடுக்க ஒரு பழைய வேட்டித் துண்டு, நடுவில் அதே அளவு பருத்திப் பஞ்சு விரிப்பு அல்லது பழைய டர்க்கித் துண்டு. ஒவ்வொரு நிறத்திலும் எட்டுச் சதுரம் வெட்டுங்கள். மூன்றேமுக்காலே அரைக்கால் அங்குலத்தில் வெட்டினால் சரியாக வரும். முதல்முறை என்றால் நான்கு அங்குலமாகவே வெட்டுங்கள். கோட்டின் இருபுறமும் தைத்து, வெட்டி, விரித்து, இஸ்திரி போட்ட பிறகு மூன்றரை அங்குலத்துக்குச் சீராக்கிக்கொள்ளலாம். 16 இருநிறச் சதுரங்கள் கிடைக்கும், பன்னிரண்டு அங்குல விரிப்பு வரும். அடுத்தடுத்த வரிசைகளின் தையல் மடிப்பை எதிரெதிர்ப் பக்கமாக மடித்து இஸ்திரி போட்டால், சேர்க்கும்போது மூலைகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். கொலு வைக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.